கோலைக் கைமாற்றிய மகள்



உங்கள் இல்லத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிற பிள்ளை உண்டா? உண்டென்றால் அந்த வீட்டின் நிலைமையை நான் விவரிக்க வேண்டியதில்லை. தொலைக்காட்சி அணைந்திருக்கும். விருந்தினர் வருகை குறைந்திருக்கும். ஊரில் நடக்கும் திருமணத்திற்குத் தகப்பன் மட்டும் தனியே ரயிலேறிப் போய்த் திரும்புவார். சொந்த ஊரை விட்டு, வேற்று மொழி பேசும் நகரத்தில், வாடகை வீட்டில் குடியிருந்து, பிள்ளைகளின் படிப்பையே நம் ஒரே சேமிப்பாக எண்ணி வாழ்கிறவர்கள் நாம். ஆகையால் அந்த ஓராண்டில் படிப்பைத் தவிர மற்ற யாவும் நமக்கு இடையூறாகவே தெரிகின்றன. அந்த இடையூறுகளில் முதலிடம் விளையாட்டுக்கு. அதிலும் பெண்பிள்ளையின் விளையாட்டுக்கு.

இம்மாதம் ஒரு மகளின் கடைசிப் பள்ளி ஆண்டைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன். தில்லியில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் அது. தகப்பன் ஓட்டுநர், தாய் வீட்டிலிருந்தே தையல் வேலை செய்கிறவர். 2024-25 கல்வியாண்டில் அந்த மகள் தன் பள்ளியின் விளையாட்டுத் தலைவியாக, அதாவது ஸ்போர்ட்ஸ் கேப்டனாக இருந்தாள். பொதுத்தேர்வு முடிந்து 2025 ஏப்ரலில் வாலிபர் கூடுகைக்கு வந்தபோது, அந்த ஆண்டைப் பற்றிப் பேசும்படி அவளைக் கேட்டுக்கொண்டோம். வென்ற கோப்பைகளைப் பற்றிச் சொல்வாள் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவளோ, "நான் மிகக் குறைவாக ஓடிய ஆண்டு இதுதான்" என்று தொடங்கினாள்.

அன்று அவள் சொன்னவற்றைப் பெற்றோராகிய நீங்களும் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

பட்டையும் சுண்ணாம்புப் பொடியும்

நகரப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு ஹவுஸ்களாகப் பிரிப்பதை நீங்கள் அறிவீர்கள். ஒவ்வொரு ஹவுஸுக்கும் ஒரு தலைவர். எல்லாருக்கும் மேலாக விளையாட்டுத் தலைவர். ஜூலை மாதத்தில் ஒரு விழா எடுத்து, மார்பில் குறுக்காக ஒரு பட்டையும் சட்டையில் ஒரு பேட்ஜும் அணிவித்து, உறுதிமொழி எடுக்கச் செய்வார்கள். இந்த மகளின் பெற்றோரும் அரைநாள் வேலையை விட்டுவிட்டுப் போய்ப் பார்த்தார்கள். ஊரிலுள்ள உறவினர் அனைவருக்கும் புகைப்படம் போயிற்று.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு உடற்கல்வி ஆசிரியை அவள் கையில் ஒரு சுண்ணாம்புப் பொடிப் பையைக் கொடுத்தார். மைதானத்தில் ஓடுபாதைக்குக் கோடு போட வேண்டும். பந்துகளை எண்ணி வெளியே எடுக்க வேண்டும். எண்ணி உள்ளே வைக்க வேண்டும். போட்டிக்குப் போகும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல், பெற்றோரின் ஒப்புதல் கடிதம், தண்ணீர்க் குடம், முதலுதவிப் பெட்டி ஆகிய எல்லாம் அவள் பொறுப்பு. "கேப்டன் என்றால் முதலில் வந்து நிற்கிறவள் என்று நினைத்திருந்தேன். எல்லாரும் போன பிறகு மைதானத்தைப் பூட்டிவிட்டுப் போகிறவள் என்று ஒரே வாரத்தில் தெரிந்துகொண்டேன்" என்று அவள் சொன்னபோது பிள்ளைகள் சிரித்தார்கள்.

அந்த முதலுதவிப் பெட்டியைப் பற்றி அவள் தயங்கித் தயங்கி ஒன்றைச் சொன்னாள். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, நன்றாக ஓடுகிறவள். திடீரென்று பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். காரணம் கேட்டால் தலைவலி என்றாள். அடுத்த வாரமும் தலைவலி என்றாள். ஆசிரியையிடம் புகார் செய்வதற்குப் பதிலாக, இந்த மகள் இடைவேளையில் அவளைத் தேடிப்போய் அருகே உட்கார்ந்தாள். விஷயம் மாதவிடாய்தான். வெள்ளைச் சீருடையில் கறை பட்டுவிடுமோ என்ற பயம். அன்று முதல் அந்தப் பெட்டியில் பஞ்சுக்கும் மருந்துக்கும் அருகே நாப்கின்களும் ஒரு கறுப்புக் கால்சட்டையும் இருந்தன. அந்தச் சிறுமி திரும்பி வந்தாள். இளம்பெண்கள் பலர் விளையாட்டை விட்டு ஒதுங்குவது இந்த வயதில்தான். அதற்குத் திறமைக் குறைவு காரணமாவதில்லை. இதைக் கண்டறிய வேறொரு பெண்பிள்ளையின் கண் தேவைப்பட்டது.

கடிகாரம் சொன்ன உண்மை

இனி அவளுடைய ஆண்டின் மையப் பகுதிக்கு வருகிறேன்.

நான்கு பேர் தலைக்கு நூறு மீட்டர் ஓடி ஒரு கோலைக் கைமாற்றும் ரிலே, அதாவது தொடர் ஓட்டம், உங்களுக்குத் தெரியும். மூன்று ஆண்டுகளாகப் பள்ளி அணியில் மூன்றாவதாக ஓடுகிறவள் இவள்தான். செப்டம்பரில் மண்டல அளவிலான பள்ளிப் போட்டி. பள்ளி மாணவியாக அவளுக்கு அதுவே கடைசி. அணியைத் தேர்ந்தெடுக்க ஆகஸ்டில் ஸ்டாப்வாட்ச் வைத்து மூன்று முறை ஓடவிட்டார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மூன்று முறையும் இவளைவிட வேகமாக ஓடினாள். இவள் ஐந்தாவது. அணியில் இடமோ நான்கு.

ஆசிரியை அவளைத் தனியே அழைத்து, "நீ கேப்டன். அனுபவமும் உனக்குத்தான் அதிகம். பட்டியலை நீயே எழுதிக் கொடு" என்று சொல்லிவிட்டார். அவள் தன் பெயரை எழுதியிருந்தால் யாரும் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். வித்தியாசம் ஒரு விநாடியில் ஒரு சிறு பங்குதான். அன்றிரவு அவளுக்கு உறக்கமில்லை. தாயிடம் சொன்னாள். தையல் இயந்திரத்தை நிறுத்தாமலே அந்தத் தாய் சொன்னது இது: "உனக்குத் தெரிஞ்ச கணக்க நீ மறைச்சிட்டா, நாளைக்கு அந்தப் பொண்ணு முகத்த எப்படிம்மா பாப்பே?"

காலையில் அவள் கொடுத்த பட்டியலில் அவள் பெயர் மாற்று ஓட்டக்காரர் இடத்தில் இருந்தது.

இதோடு கதை முடிந்தால் நமக்கு இன்பமாக இருக்கும். விட்டுக்கொடுத்தாள், அணி வென்றது, எல்லாரும் கைதட்டினார்கள் என்று சொல்லிவிடலாம். நடந்தது வேறு. போட்டியன்று இரண்டாவது ஓட்டக்காரியிடமிருந்து அந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை கோலை வாங்கும்போது அது கைநழுவிக் கீழே விழுந்தது. அணி கடைசியாக வந்தது. பேருந்தில் திரும்பும்போது தோழிகள், "நீ ஓடியிருந்தால் இப்படி நடந்திருக்குமா?" என்றார்கள்.

இங்கேதான் அவள் குரல் தழுதழுத்தது. "அவர்கள் அப்படிச் சொன்னபோது எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்துத்தான் அழுதேன். தோற்றதற்காக அழவில்லை" என்றாள்.

பிரியமானவர்களே, பதினேழு வயதில் தன் மனதின் உள்ளறையை இவ்வளவு தெளிவாகப் பார்க்க ஒரு பிள்ளைக்கு எந்தப் பாடப்புத்தகம் கற்றுக்கொடுக்கும்? விட்டுக்கொடுத்தவருக்கும் ஒரு சோதனை உண்டு. நாம் விட்டுக்கொடுத்த இடத்தில் இன்னொருவர் தடுமாறும்போது நம் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதே அந்தச் சோதனை. அலுவலகத்திலும், சபையிலும், மாமியார் மருமகள் இருக்கும் வீட்டிலும் நாம் இதை அறிவோம்.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு அவள் அந்தச் சிறுமியின் வீட்டுக்கே போய் அழைத்து வந்தாள். வேறொன்றும் பேசாமல் இருவரும் கோல் மாற்றுவதை மட்டும் ஐம்பது முறை பழகினார்கள்.

தொடர் ஓட்டத்தின் நுட்பம் அங்கேதான் இருக்கிறது. கோலின் நீளம் 28 முதல் 30 சென்டிமீட்டர். அதைக் கைமாற்றுவதற்கு 30 மீட்டர் நீளமுள்ள பகுதி ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். அதற்குள் கோல் மாறியாக வேண்டும். வாங்குகிறவர் கோல் வருமுன்னரே ஓடத் தொடங்கிவிட வேண்டும். கொடுக்கிறவரோ கோல் மற்றவர் கைக்குள் உறுதியாகச் சேரும்வரை தன் வேகத்தைக் குறைக்கக்கூடாது. 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஆண்கள் அணி, உலகின் அதிவேக ஓட்டக்காரர்களைக் கொண்டிருந்தும், முதல் கைமாற்றத்தை உரிய பகுதிக்குள் முடிக்கத் தவறியதால் தகுதிநீக்கம் செய்யப்பட்டது. அவர்களிடம் வேகத்திற்குக் குறைவிருக்கவில்லை. கைமாற்றம்தான் தவறிப்போயிற்று.

"பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிடு"

அக்டோபரில் அரையாண்டு மதிப்பெண்கள் வந்தன. பொருளியலில் சரிவு. தகப்பன் அதிகம் பேசுகிறவர் அல்லர். அன்று ஒரே வார்த்தை சொன்னார்: "பட்டையைக் கழற்றிக் கொடுத்துவிடு."

அவரைக் குறை சொல்ல முடியுமா? நள்ளிரவு வரை வண்டி ஓட்டி அவளுக்குக் கட்டணம் கட்டுகிறவர் அவர். மகள் எதிர்த்துப் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு தாளில் தன் ஒருநாள் பொழுதை மணிவாரியாக எழுதி அவர்முன் வைத்தாள். விளையாட்டுக்குக் காலையில் முக்கால் மணி நேரம். ஆனால் கைப்பேசிக்கு இரண்டரை மணி நேரம் என்று அந்தத் தாளே காட்டிக்கொடுத்தது. இருவரும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். மாலைப் பயிற்சி இல்லை. கைப்பேசி இரவு எட்டு மணிக்குத் தாயிடம் போய்விடும். டிசம்பர்த் தேர்விலும் சரிவு தொடர்ந்தால் அவளே பட்டையைத் திருப்பிக் கொடுப்பாள்.

முடிவில் அவள் மாநிலத்தில் முதலிடம் பெற்றாள் என்று நான் எழுதப்போவதில்லை. பெறவில்லை. நல்ல மதிப்பெண்களோடு தேறினாள், அவ்வளவே. ஆனால் தகப்பனும் மகளும் ஒரு தாளை நடுவில் வைத்துப் பேசக் கற்றுக்கொண்டார்கள். அந்த வீட்டில் அதற்கு முன் அப்படி ஒரு பேச்சு நடந்ததில்லை என்று அந்தத் தாய் என்னிடம் சொன்னார்.

நடவாமற்போன விழா

நவம்பர் கடைசியில் விளையாட்டு விழா நடப்பதாக இருந்தது. அணிவகுப்பின் முன்னால் பள்ளிக் கொடியை ஏந்திச் செல்வது விளையாட்டுத் தலைவியின் உரிமை. ஆறாம் வகுப்பிலிருந்தே அவள் கனவு அது.

தில்லியில் வாழ்கிற உங்களுக்கு அந்த நவம்பர் நினைவிருக்கும். வயல்களில் எரிக்கும் தாளின் புகை, வாகனப் புகை, கட்டட வேலைத் தூசு எல்லாம் அசையாத குளிர்க்காற்றில் தேங்கி நின்றன. 2024 நவம்பர் 18 அன்று மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் நான்காவதும் இறுதியுமான நிலை நடைமுறைக்கு வந்தது. பள்ளி வகுப்புகளே இணையவழிக்கு மாறின. விழா நின்றுபோயிற்று. கொடி அலமாரியிலேயே இருந்தது.

அவள் இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லையாம். மூன்றாம் நாள் அவளுக்கு நினைவுக்கு வந்தவர்கள் சின்னப் பிள்ளைகள். எலுமிச்சை ஸ்பூன் ஓட்டத்திற்கும் சாக்கு ஓட்டத்திற்கும் செப்டம்பரிலிருந்து காத்திருந்தவர்கள் அவர்கள். வகுப்பு ஆசிரியைகளிடம் அனுமதி பெற்று, ஒவ்வொரு இணைய வகுப்பின் கடைசியிலும் பத்து நிமிடம் ஒற்றைக்காலில் நிற்கும் போட்டி, கண்ணை மூடி எண்ணும் போட்டி என்று வீட்டுக்குள்ளே ஆடக்கூடியவற்றை நடத்தினாள். டிசம்பரில் பள்ளி மறுபடி திறந்தபோது, பிரார்த்தனைக் கூடத்திலேயே சதுரங்கம், கேரம், எலுமிச்சை ஸ்பூன் என்று ஒரு சிறு விழா நடந்தது. அணிவகுப்பு இல்லை, பெற்றோருக்கு அழைப்பும் இல்லை. "தீதி, அடுத்த வருஷமும் நீங்கதானே?" என்று ஓர் இரண்டாம் வகுப்புப் பிள்ளை இந்தியில் கேட்டதாம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்போதுதான் தன் பள்ளி நாட்கள் முடிகின்றன என்று அவளுக்கு உறைத்தது.

ஜனவரி இறுதியில், பிரிவு உபசார விழாவில், பட்டையைக் கழற்றிப் புதிய தலைவியிடம் கொடுத்தாள். அதோடு ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்தாள். எந்தக் கடையில் சுண்ணாம்புப் பொடி மலிவு, எந்த மாணவிக்கு முழங்கால் வலி, எந்தப் பிள்ளையின் வீட்டில் ஒப்புதல் கடிதத்திற்கு நேரில் போய்ப் பேச வேண்டும் என்று நாற்பது பக்கம் எழுதியிருந்தாள். பொதுத்தேர்வுகள் பிப்ரவரி 15 அன்று தொடங்கின. அவள் படிக்கப் போய்விட்டாள்.

நமக்கு என்ன?

நம் நாட்டு விளையாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய எடுத்துக்காட்டு உண்டு. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் பி.டி. உஷா 55.42 விநாடியில் ஓடினார். ஒரு விநாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்தில் வெண்கலத்தை இழந்தார். 2002-இல் கேரளத்தில் இளம்பெண்களுக்காக ஓட்டப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கி, தன் ஓட்டத்தை அடுத்த தலைமுறையின் கால்களுக்குக் கொடுத்தார். அவருடைய தேசியச் சாதனை நேரத்தை 39 ஆண்டுகள் எவரும் எட்டவில்லை. 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் அதே 55.42 விநாடியில் ஓடி அதைச் சமன் செய்தார். வித்யாவும் மற்றொரு தமிழ் மகளாகிய சுபா வெங்கடேசனும் இடம்பெற்ற தொடர் ஓட்ட அணி அந்தப் போட்டியில் வெள்ளியும் வென்றது.

பெற்றோர் என்னிடம் வழக்கமாகக் கேட்கும் மூன்று கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

முதலாவது, படிப்பு. சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்தில் உடற்கல்வியையே பதினோராம், பன்னிரண்டாம் வகுப்புகளில் விருப்பப் பாடமாக எடுக்கலாம். எழுத்துத் தேர்வுக்கு 70, செய்முறைக்கு 30. தேசிய, சர்வதேசப் போட்டிகளுக்குச் செல்லும் மாணவருக்குப் பொதுத்தேர்வு நாள் குறுக்கிட்டால், பின்னர் தேர்வெழுதும் வாய்ப்பை 2018 முதல் அந்த வாரியம் அளித்து வருகிறது. பள்ளி மூலமாக முன்னதாகவே விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரிகளில் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. ஆனால் அதற்குப் போட்டிகளில் பெற்ற சான்றிதழ்களும் களத்தேர்வும் முக்கியம். கேப்டன் பட்டையை நம்பியிருக்க வேண்டாம். ஆகையால் சான்றிதழ்களை ஒன்றுவிடாமல் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

இரண்டாவது, உடை. ஓடுகிறவள் ஓடுவதற்கேற்ற உடையைத்தான் அணிய முடியும். முழங்கால் வரையுள்ள கால்சட்டையையோ முழுநீளக் கால்சட்டையையோ பிள்ளை விரும்பினால், உடற்கல்வி ஆசிரியையிடம் நீங்களே மரியாதையோடு பேசுங்கள். அதைப் பிள்ளையின் தலையில் கட்டிவிட்டு வீட்டில் கோபப்படாதிருங்கள்.

மூன்றாவது, ஞாயிற்றுக்கிழமை. ஸ்காட்லாந்து ஓட்டக்காரர் எரிக் லிடெல், 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் நூறு மீட்டர் ஓட்டத்தின் முதற்சுற்று ஞாயிறன்று வந்ததால் அதில் ஓட மறுத்ததை நம்மில் பலர் அறிவோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க மறந்துவிடுகிறோம். அட்டவணையைப் பல மாதங்களுக்கு முன்னரே அறிந்து, தம் முடிவைச் சொல்லிவிட்டு, 400 மீட்டருக்காக உழைத்துப் பழகினார் அவர். அந்த ஓட்டத்தில் 47.6 விநாடியில் தங்கம் வென்றார். கடைசி நாளில் அணியைத் தவிக்கவிடுவது அவர் காட்டிய வழியல்ல. ஜூலையிலேயே போட்டி அட்டவணையை வாங்கிப் பாருங்கள். ஞாயிறு வரும் நாட்களை முன்கூட்டியே ஆசிரியையிடம் சொல்லுங்கள். மற்ற நாட்களில் பிள்ளை இருமடங்கு உழைக்கட்டும்.

இந்த ஆண்டு உங்கள் வீட்டில் ஒரு மகளோ மகனோ பள்ளியின் கடைசி ஆண்டில் ஏதாவது ஒரு பொறுப்பை ஏற்றிருந்தால், மதிப்பெண்ணைக் கேட்கும் அதே வாயால் இன்னும் இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். "இன்று யாருக்கு உதவினாய்? உனக்குப் பிறகு இதைச் செய்ய யாரைப் பழக்குகிறாய்?" பதில் உடனே வராது. சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடி தோளைக் குலுக்குவார்கள். மறுநாளும் கேளுங்கள்.

வாலிபப் பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். அப்பா வேண்டாம் என்று சொல்லும் நாளில் கதவை அறைந்து சாத்தாமல், ஒரு தாளை எடுத்து உங்கள் மணிக்கணக்கை உண்மையாக எழுதுங்கள். விளையாட்டு எவ்வளவு நேரம் எடுத்தது, வேறெது எடுத்தது என்று அவரும் பார்க்கட்டும், நீங்களும் பாருங்கள்.

உங்கள் இல்லங்களில் சமாதானம் பெருகுவதாக.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சகோதரன்